உறுதியும் உழைப்பும்

கொழும்பில் வளர்ந்த எமக்கு, நிலம் என்பது போகந்தோறும் வந்து இறங்கும் அரிசி மூடைகளாகவே இருந்தது. எம் உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த மூன்று ஏக்கர் நெற்காணி சம்மாந்துறை வட்டையொன்றில் உண்டென்பதை அறிவோம். அதன் உறுதி எமது அலுமாரியில் இருந்தது. அதற்குமேல் அறியவேண்டிய தேவை எமக்கு ஏற்படவில்லை.

2021இல், பெருந்தொற்றின் நெருக்கடியில், நாம் வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்டது. வேறு வழியின்றியே ஊர் சென்றோம். மண்மீது கொண்ட காதலால் அன்று. கல்முனையில் உறவினர் வீட்டில் தங்கி, நாள்தோறும் துவிச்சக்கர வண்டியில் வயலுக்குப் போகலானோம். இருபது ஆண்டுகளாக அக்காணியைச் செய்துவருபவரைக் கொழும்பு வழக்கப்படி 'நானா' என்று அழைத்தோம். அவர் சிரித்தார். "இஞ்ச காக்கா எண்டுதான் சொல்ற, தம்பி" என்றார். எமது முதற்பாடம் அது.

அடுத்த பாடங்கள் அத்துணை எளியவையல்ல. வக்கடையை எவ்வளவு வெட்டினால் நீர் எந்த மூலையை எப்போது எட்டும் என்பதைக் காக்கா கண்ணால் அறிவார்; நாம் சேற்றில் நடந்து காலால் அறிந்தோம். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்த கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியதென்று பள்ளியில் படித்திருந்தோம். அந்நீர் வாய்க்காலில் வரும் நாளில், மேல்வயற்காரர் கீழ்வயற்காரரை மறவாதிருந்தாலன்றோ எல்லார் வயலும் நனையும்? இதைப் புத்தகம் எமக்குச் சொல்லவில்லை. எருமைகள் சூடு மிதித்த காலத்தில், களவெட்டியில் நெல்லை நெல்லென்று சொல்லாமல் 'பொலி' என்று சொன்னதைக் காக்கா நினைவுகூர்வார். இன்று அவ்வேலையை இயந்திரம் செய்கிறது. அச்சொல் மட்டும் அவர் நாவில் தங்கியிருக்கிறது.

அவ்வாண்டு மே மாதத்தில் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்திருந்தது. நவம்பரில் தடை நீங்கியது. எனினும் வேண்டிய வேளையில் யூரியா எமது வயலை வந்தடையவில்லை. ஜனவரியில் வேளாண்மை மஞ்சளித்து நின்றது. கொழும்பில் இருந்திருந்தால் அதைப் பொருளாதாரச் செய்தியாக வாசித்துப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். இங்கோ, இரவில் உறக்கம் வரவில்லை. விடியுமுன் எழுந்து வரம்பில் போய் நின்றோம். எமக்கு முன்னரே காக்கா அங்கு நின்றார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

விளைச்சல் வழக்கத்தின் பாதியைத் தொடவில்லை. அறுவடை முடிந்த மூன்றாம் நாள், காக்கா குத்தகை மூடைகளை ஒன்றும் குறையாமல் கொண்டுவந்து இறக்கினார்.

"உங்களுக்கு என்ன மிஞ்சியது, காக்கா?"

"விதைநெல்லு இரிக்கி, தம்பி."

வெட்கத்தால் எமக்கு மேலே பேச நா எழவில்லை.

1958இல் பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராக இருந்தபோது வந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக்கு வரம்பு கட்டவும், உழுபவனை நினைத்தபடி வெளியேற்றாமல் தடுக்கவும் எழுந்தது. அந்தப் பாதுகாப்புக்குப் பதிவேட்டில் பெயர் வேண்டும். காக்காவின் பெயர் அதில் இல்லை. ஏன் இல்லை? எமது குடும்பம் ஆண்டுதோறும் வாய்ப்பேச்சாகவே குத்தகையைப் புதுப்பித்து வந்தது. பெயர் பதிந்தால் காணி கைவிட்டுப் போகுமென்ற அச்சமே காரணம். அந்த அரிசியை உண்டே நாம் பள்ளியில் சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசும் பெற்றோம்!

மூடைகளில் பாதியைத் திருப்பி அனுப்பினோம். அது தருமம் அன்று, கணக்கு. பதிவு பற்றிப் பேசியபோது உறவினர் சினந்தனர். உம்மா ஒரு வாரம் மறுமொழி கூறவில்லை. பிறகு, "அவன்ட பேரப் பதிஞ்சி விடு, மகன்" என்றார்.

இன்று நாம் மீண்டும் கொழும்பில் வேலை பார்க்கிறோம். வரும் மூடைகள் குறைந்துவிட்டன. மழை இருண்டால் மட்டும் வயலில் எவ்வளவு நீர் நிற்கிறதென்று காக்காவைத் தொலைபேசியில் கேட்கிறோம்.

உழவைப் பாடமாகக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களும், கற்கும் மாணவரும் தத்தம் வீட்டு அலுமாரியை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அங்கே காணி உறுதி இருக்குமாயின், அந்நிலத்தை உழுபவரின் பெயர் என்ன, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கட்டும்.