மண் பாதையிலிருந்து தார் வீதிக்கு

மாத்தளை மாவட்டத்திலே இருவகைப் பாதைகள் உள்ளன. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் தோட்டத்து மண் பாதைகள் ஒரு வகை. கண்டியிலிருந்து மாத்தளை, நாலந்தா, நாவுல, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ9 வீதி மற்றொரு வகை. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடிவந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். வழியிலே மடிந்தோர் பலர். அவர்கள் காலால் அளந்த திசையிலே இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் மோட்டார் சைக்கிளில் விரைகின்றனர்.

எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கத்து இளைஞர் பலர் வண்டி ஓட்டப் பழகுவது மண்ணிலேதான். கல் நிறைந்த ஏற்றமும் மழைநீர் அரித்த பள்ளமும் நல்ல ஆசான்களே. சமநிலையையும், சக்கரம் வழுக்கினாலும் கலங்காத நெஞ்சையும் அவை தருகின்றன. சீகிரியாவிலே விமானப் படையினர் இத்தகைய ஓட்டத்தைப் பந்தயமாகவும் நடத்தியிருக்கின்றனர். ஆயினும் மண்ணிலே கற்ற வித்தை யாவும் தாரிலே செல்லா என்பதை நாம் மறத்தலாகாது.

முதலாவது, டயர். மண்ணுக்குரிய டயரில் உயர்ந்த கட்டைகள் உண்டு. அவை சேற்றைக் கவ்வும். தாரிலோ அவற்றின் முனைகள் மட்டுமே தரையைத் தொடும். வளைவிலே மடங்கும், ஈரத்திலே வழுக்கும். மண்ணுக்காகக் குறைத்த காற்றைத் திரும்ப ஏற்றாவிடில் வண்டி அலையும்.

இரண்டாவது, பிரேக். தளர்ந்த மண்ணில் முன் பிரேக்கை வன்மையாகப் பிடித்தால் முன்சக்கரம் இறுகி வழுக்கும். ஆதலால் பின் பிரேக்கையே நம்பும் வழக்கம் ஊறிவிடுகிறது. தாரிலே நிலைமை வேறு. வேகம் குறையும்போது பாரம் முன்னே சாய்வதால், நிறுத்தும் வலிமையின் பெரும்பங்கு முன்சக்கரத்திடமே உள்ளது. பின் பிரேக்கை மாத்திரம் மிதிப்பவர், வண்டி நிற்குமுன் முன்னே நிற்கும் பஸ்ஸை எட்டிவிடுவார்! இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, வளைவு. மண்ணில் ஓட்டுபவர் வண்டியை மட்டும் சாய்த்து, தாம் நிமிர்ந்திருந்து, உட்புறக் காலை நீட்டுவார். தாரிலே அது கணுக்காலை முறிக்கும் வழி. பாதம் மிதியிலேயே இருக்க, உடல் வண்டியோடு சாய வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, கண்ணை வளைவின் முடிவிலே வைத்தல் வேண்டும்.

இப்பாடங்களை ரிவஸ்டன் வழி நன்கு சோதிக்கும். இரத்தோட்டையிலிருந்து சுற்றிச் சுற்றி ஏறும் அவ்வொடுங்கிய வீதியை மூடுபனி கணத்தில் மறைத்துவிடும்; உச்சியிலே காற்று ஆளையே தள்ளும். மலையழகைக் காண விரும்புவோர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காண்க. ஓட்டிக்கொண்டே காட்சி காண்பது ஆகாது.

நான்காவது பாடமே பெரியது. மண் பாதையிலே தடையாவன கல்லும் வேரும். அவை இடம் பெயரா. ஏ9 வீதியிலோ முந்திச் செல்லும் பஸ், தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டு விரையும் லொறி, திடீரெனத் திரும்பும் முச்சக்கர வண்டி, அலுவிகாரைக்கு வரும் யாத்திரிகர், முத்துமாரியம்மன் தேர்த்திருவிழாக் கூட்டம் என யாவும் அசைவன. பிறர் அடுத்து என்ன செய்வர் என்பதை முன்னதாகவே ஊகித்தல் வேண்டும். நீண்ட வெயிலின் பின் வரும் முதல் மழையிலே, வீதியிற் படிந்த எண்ணெய் மிதந்து வழுக்கும் என்பதையும் மனத்திற் கொள்க.

தோட்டத்திலே தலைக்கவசமின்றித் திரிந்த பழக்கம் வீதிக்கு உதவாது. பின்னால் அமர்பவருக்கும் அது சட்டப்படி வேண்டியதே. சாரதி அனுமதிப்பத்திரம், விளக்கு, பக்கக் கண்ணாடி ஆகியவற்றை முதலிலே சரிபார்த்துக்கொள்க. பின்னர், போக்குவரத்துக் குறைந்த விடியற்காலைகளிலே, அனுபவமுள்ள ஒருவரைத் துணைகொண்டு, மாத்தளைக்கும் அலுவிகாரைக்கும் இடைப்பட்ட குறுந்தூரத்திலே மெதுவாகப் பழகுக. பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், இந்தச் சில வாரப் பயிற்சிக்கும் பொறுமை காட்டுவாராக. தம்புள்ளை எங்கும் ஓடிவிடாது. பிள்ளை பத்திரமாக வீடு திரும்புவதே பெரிது.