ஷெங்கன் ஒரு திராட்சைக் கிராமம்

"பையன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். மருமகளுக்கு இது ஏழாவது மாதம். எங்களை வரச் சொல்கிறான். எனக்குச் சம்பளச் சீட்டும் கிடையாது, வருமான வரிக் கணக்கும் கிடையாது. விவசாயிக்கு விசா கொடுப்பார்களா?"

விரிவாக்க மையத்துக்கு விதை, உரம், பயிர்க் காப்பீடு என்று கேட்டு வருகிறவர்கள், கிளம்பும்போது தயங்கித் தயங்கி இதையும் கேட்கிறார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்து அனுப்பிய ஊர்களில் இது இப்போது வீட்டுக்கு வீடு வரும் கேள்வி. கொடுப்பார்கள் என்பதுதான் பதில். கடந்த ஆண்டு சித்திரையில் மன்னார்குடி பக்கத்தில் மூன்று ஏக்கர் சாகுபடி செய்யும் என் அண்ணனும் அண்ணியும் போய் வந்தார்கள். சார்ப்ருக்கன் நகரில் இருக்கும் அவர்கள் மகளுக்குப் பிரசவ நேரம். இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் உடன் போனேன். மூன்று பேருக்கும் விண்ணப்பம் தயாரித்ததில் தெரிந்துகொண்டதையும், அங்கே பார்த்ததையும் எழுதுகிறேன்.

ஒரு விசா, 29 நாடுகள்

ஜெர்மனிக்குக் குறுகிய காலம் போவதற்கான விசாவுக்கு ஷெங்கன் விசா என்று பெயர். ஒரே விசாவில் 29 நாடுகளுக்குள் போகலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. வேலை பார்க்க இந்த விசா செல்லாது.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டிடம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, சில நேரம் 45 நாள் வரை நீளும். அதனால் இரண்டு, மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஏறத்தாழ 9,000 ரூபாய். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது.

மனுவை வாங்கிக்கொள்வது சென்னையில் உள்ள விண்ணப்ப மையம். முடிவு செய்வது தூதரகம். மையத்தில் இருப்பவர்களுக்கு விசா கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் இல்லை. "உள்ளே ஆள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி ஒன்றுதான்: திரும்பி வருவீர்களா?

விண்ணப்பப் படிவத்தில் பல கேள்விகள் இருந்தாலும், அதிகாரி முக்கியமாகத் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று. எதற்காகப் போகிறீர்கள், செலவை யார் பார்ப்பார்கள், திரும்பி வருவீர்களா? மறுக்கப்படும் மனுக்களில் பல இந்த மூன்றாவது கேள்வியில்தான் விழுகின்றன.

என்னுடைய கோப்பு மெல்லியது. சம்பளச் சீட்டு, துறையின் தடையின்மைச் சான்று, விடுப்பு உத்தரவு. மாதச் சம்பளக்காரன் வேலைக்குத் திரும்பியாக வேண்டும் என்பதை அந்த மூன்று தாளே சொல்லிவிடும். அண்ணனுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. ஆனால் என்னைவிடத் திரும்பி வரவேண்டிய கட்டாயம் உள்ளவர் அவர்தான். நிலத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போக முடியாது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் அவர் வயலில் நிற்க வேண்டும்.

இதைத்தான் முகப்புக் கடிதத்தில் எழுதினோம். ஒரு பக்கம், எளிய ஆங்கிலம். மூன்று ஏக்கர் நன்செய். சம்பா அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. உளுந்து பங்குனியில் எடுத்துவிடுவோம். ஏப்ரல் 20 முதல் மே 30 வரை வயலில் வேலை இல்லை. ஜூன் முதல் வாரம் குறுவைக்கு நாற்றங்கால் விட வேண்டும். இரண்டு கறவை மாடுகளை அதுவரை மகன் பார்த்துக்கொள்வான். பயிர்க் காலத்தைத் தேதி போட்டுச் சொன்னால், நெல்லைப் பார்த்திராத அதிகாரிக்கும் புரியும். உங்கள் பயிர் மஞ்சளாக இருக்கலாம், கரும்பாக இருக்கலாம். பயண நாட்களை இரண்டு வேலைகளுக்கு நடுவில் வையுங்கள். எந்த வேலைக்காகத் திரும்புகிறீர்கள் என்பதை எழுதுங்கள்.

அண்ணன் கோப்பில் இருந்தவை

• பட்டா, சிட்டா நகல். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய அடங்கல்.
• இ-சேவை மையம் வழியாக எடுத்த வருமானச் சான்று, சிறு குறு விவசாயி சான்று.
• நெல் கொள்முதல் ரசீதுகள், பால் சங்கப் பட்டுவாடா அட்டை, கூட்டுறவு வங்கியின் கிசான் கடன் அட்டைக் கணக்கு.
• ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம்.
• மகளின் பிறப்புச் சான்று, கர்ப்பத்துக்கான மருத்துவர் சான்று, அழைப்புக் கடிதம்.
• ஜெர்மனியில் மருமகன் கொடுத்த பொறுப்பேற்பு உறுதிமொழி.

கடைசியில் உள்ளது மிக முக்கியம். ஜெர்மனியில் இருக்கும் பிள்ளை தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சம்பள விவரத்தோடு போய், விருந்தினர் செலவு முழுவதும் என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கட்டணம் 29 யூரோ. அதன் அசல் தாள் இங்கே வர வேண்டும். இது இருந்தால் பெற்றோர் கணக்கில் லட்சக்கணக்கில் இருப்புக் காட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும், தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். தமிழில் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்தோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு வரும் மூன்று சிக்கல்கள்

முதலாவது பெயர். பட்டாவில் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். ஆதாரில் எழுத்துக்கூட்டல் வேறு. நமக்கு எல்லாம் ஒருவர்தான். வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று பேர். எல்லாம் ஒரே நபர் என்று நோட்டரி முன்பு உறுதிமொழிப் பத்திரம் போட்டு வைத்துவிடுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வங்கிக் கணக்கு. விவசாயிக்குப் பணம் மாதாமாதம் வராது; அறுவடைக்கு அறுவடை மொத்தமாக வரும். கணக்கைப் பார்க்கிறவருக்கு அது சந்தேகத்தைக் கொடுக்கலாம். அதனால் பெரிய வரவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் போட்டு, அதே எண்ணில் கொள்முதல் ரசீதை இணைத்தோம். அண்ணனிடம் ஒரு முகவர், "அஞ்சு லட்சம் பத்து நாளைக்குக் கணக்கில போட்டு எடுத்துடலாம், வட்டி மட்டும் குடுங்க" என்று சொல்லியிருந்தார். அண்ணி நகையை எடுத்துத் தரவும் தயாராக இருந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணம் கணக்கில் இருப்பது, பணம் இல்லாததைவிட மோசம். பொய்த் தாள் ஒன்று அகப்பட்டால் கோப்பில் உள்ள உண்மைத் தாள்களும் மதிப்பிழந்துவிடும்.

மூன்றாவது விரல் ரேகை. பத்து விரல்களும் பதிய வேண்டும். நாற்று பறித்து, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்கள் ரேஷன் கடை இயந்திரத்திலேயே படுத்தும் பாடு நமக்குத் தெரியும். அண்ணிக்கு மூன்று முறை வைத்த பிறகுதான் பதிந்தது. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இரவில் தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் வெடிப்பு மட்டுப்படும். பதிவதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பதிந்த ரேகையை 59 மாதங்களுக்குள் அடுத்த விசாவுக்கும் பயன்படுத்திக்கொள்வார்கள்.

பதினெட்டாவது நாள் மூன்று பாஸ்போர்ட்டும் விசாவோடு வந்தன.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

அண்ணி ஒரு கிலோ நெய், பால்கோவா, கறிவேப்பிலை, முருங்கை விதை எல்லாம் கட்டி வைத்திருந்தார். எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. 2019 டிசம்பர் 14 முதல் காய், பழம், இலை, விதை, செடி எதுவானாலும் தாவர நலச் சான்று வேண்டும். ஐந்துக்கு மட்டும் விலக்கு: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன். எனவே தேங்காய் மட்டும் பெட்டிக்குள் திரும்பிப் போனது. வறுத்து அரைத்த பொடிகளும் போயின.

இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தையும் பாகல், புடலை, கத்தரி, சேம்பு ஆகியவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி வைத்தது. பழ ஈ போன்ற பூச்சிகள் சரக்கில் அகப்பட்டதே காரணம். மாம்பழத்துக்கு 2015-ல்தான் வழி திறந்தது. ஒரு புழுவால் ஒரு நாட்டு விவசாயிகளின் சந்தையே மூடும். பயணியின் பெட்டிக்கும் கப்பல் சரக்குக்கும் பூச்சி வேறுபாடு பார்ப்பதில்லை.

மோசல் ஆற்றங்கரையில்

பேரன் பிறந்து பத்து நாள் கழித்து, மாப்பிள்ளை எங்கள் இருவரையும் காரில் ஷெங்கனுக்கு அழைத்துப் போனார். விசாவுக்குப் பெயர் கொடுத்த ஊர் அது. நாங்கள் ஏதோ பெரிய நகரம் என்று நினைத்திருந்தோம். பார்த்தால், லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்கு மூலையில், மோசல் ஆற்றங்கரையில் ஒரு சிறு கிராமம். சரிவெல்லாம் திராட்சை. 1985 ஜூன் 14 அன்று இந்த ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையை விட்டுவிடுவதாகக் கையெழுத்திட்டன. மூன்று நாடுகள் சந்திக்கும் இடம் என்பதால் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஜெர்மனியின் பெர்ல் என்ற ஊரில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாலத்தில் நடந்தோம். அக்கரை லக்சம்பர்க். சற்றுத் தள்ளி பிரான்ஸின் அபாக் கிராமம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. ஆனாலும் பாஸ்போர்ட் கையில் இருந்தது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை வைத்திருக்கிறது.

பாலத்தின் நடுவில் நின்று மாப்பிள்ளை ஒன்று சொன்னார். இங்கே ஆற்றின் நடுவே எல்லைக்கோடு கிடையாது. 1816-ல் போட்ட ஒப்பந்தப்படி ஆறு முழுவதும் இரண்டு கரைக்கும் பொது. அண்ணன் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆறு ரெண்டு பேருக்கும் பொதுன்னு எழுதியே வச்சிருக்கானா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடைமடை விவசாயி, அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

லக்சம்பர்க்கின் மோசல் கரை 42 கி.மீ. நீளம். ரிவானர், எல்ப்ளிங், ரீஸ்லிங் ஆகியவை அங்குள்ள முக்கிய ரகங்கள், எல்லாம் மதுவுக்கு. 1921-லேயே அங்கே திராட்சை விவசாயிகள் கூட்டுறவு தொடங்கிவிட்டார்கள். வரிசைகளுக்கு இடையில் புல்லை வளரவிட்டு மண் அரிப்பைத் தடுக்கிறார்கள். மே மாதம் என்பதால் துளிர் ஒரு முழம் இருந்தது. கொடி கட்டிக்கொண்டிருந்த ஒரு விவசாயியிடம் மாப்பிள்ளை மூலம் பேசினோம். 2024 ஏப்ரல் கடைசியில் விழுந்த உறைபனியில் துளிரெல்லாம் கருகியதைச் சொன்னார். மே நடுவில் வரும் 'பனிப் புனிதர்' நாட்கள் தாண்டினால்தான் நிம்மதியாகத் தூங்குவாராம். "நமக்குக் கதிர் வர்ற நேரத்துல மழை மாதிரி" என்றார் அண்ணன். அது மட்டும் மொழிபெயர்க்காமலே அந்த மனிதருக்குப் புரிந்தது போலத் தலையசைத்தார்.

ஒரு போத்து கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று அண்ணன் காதில் கேட்டார். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் நம் நாட்டுக்குள்ளும் செடி கொண்டுவரக் கூடாது என்றேன். மே 30 அன்று அவர்கள் திரும்பினார்கள். ஜூன் முதல் வாரம் நாற்றங்கால் விட்டாயிற்று.

வாசகர் கேள்விகள்

பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கிறது. தடையா?
இல்லை. அது வளைகுடா போன்ற சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. உறவினரைப் பார்க்க ஐரோப்பா போவதற்கு அதனால் பாதிப்பில்லை.

விசாவில் தேதி 55 நாள் இருக்கிறது, 'தங்கும் நாட்கள்' 41 என்று இருக்கிறது. எது கணக்கு?
41 தான். அந்தத் தேதிகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம்; தங்குவது 41 நாள் மட்டும். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து எண்ண வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக, முத்திரைக்குப் பதில் கணினியில் வருகை, புறப்பாடு பதிவாகிறது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். அடுத்த விசாவுக்கு அது இடைஞ்சல்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா?
விசாவுக்கு என்று கட்டாயம் இல்லை. விரும்பினால் விலக்குப் பெற்ற வருமானமாகக் காட்டித் தாக்கல் செய்யலாம். விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் முதல் படிவம் செல்லாது. இரண்டாம் படிவம் வேண்டும்.

மறுத்துவிட்டால்?
காரணத்தைக் குறித்து எழுத்தில் தருவார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டு வழி நாட்டுக்கு நாடு வேறு. அந்தத் தாளிலேயே இருக்கும். காரணத்தைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். அடுத்த படிவத்தில் முன்பு மறுக்கப்பட்டதை மறைக்காதீர்கள்.