அம்மா போனில் ஆடாத டிக்

பொட்டி தட்டும் வேலைக்காகப் புனே வந்து பதினொரு வருஷம் ஆச்சு. அம்மா சங்கரன்கோவிலில். எங்கள் கம்பெனியின் பணம் அனுப்பும் ஆப் வந்தபிறகுதான் என் வேலை என்னவென்றே அவங்களுக்குப் புரிந்தது. "எம் மவன் செஞ்சது" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாங்க.

போன வருஷம் ஒருநாள் போன். "ஏய்யா, உன் ஆப்புல பால்காரருக்கு 840 ரூவா அனுப்பினேன். முடியப் போற நேரத்துல அதுவா மூடிக்கிச்சு. போகலையோன்னு மறுபடி அனுப்பிட்டேன். ரெண்டு தடவை போயிருக்கு!"

ஆப்பு என்று அவங்க சொன்னது சரிதான். வைத்தது நான். பணம் போனதும் பூத்தூவி ஒரு பச்சை டிக் குதித்து வருமே, அந்த அனிமேஷன் நான் சேர்த்தது. ஆபீசில் கைதட்டல் வேறு!

அது லாட்டி. ஏர்பிஎன்பி 2017-இல் வெளியிட்டது. நிழலுருவப் படங்கள் எடுத்த ஜெர்மன் பெண்மணி லோட்டே ரைனிகரின் பெயரால் வந்த பெயர். வீடியோ மாதிரி இல்லை, கோல நோட்டு மாதிரி. எங்கே கோடு, எங்கே வளைவு என்ற குறிப்பு மட்டும்தான் ஃபைலில் இருக்கும். என் ஃபைல் வெறும் 180 கேபி. அதில்தான் ஏமாந்தேன்.

நோட்டு கையடக்கம்தான், ஆனால் கோலம் போட வாசல் முழுக்க வேண்டுமே! டிசைனர் பின்னணிக்கு மூன்று படங்களை உள்ளே வைத்திருந்தார். ஒவ்வொன்றும் 1080×1920 புள்ளி. ஒரு புள்ளிக்கு 4 பைட். சுருக்கிய படம் திரைக்கு வரும்போது விரிந்துவிடும்: ஒன்றுக்கே சுமார் 8 எம்பி, மூன்றுக்கு 24. போதாததற்கு இரண்டு மாஸ்க். மாஸ்க் என்றால் தனியாக இன்னொரு வாசலைத் தெளித்து, அங்கே வரைந்து வெட்டி, பிறகுதான் இங்கே ஒட்டும். என் 8 ஜிபி போனில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுடையது 2 ஜிபி. மெமரி போதாமல் ஆப் செத்துவிட்டது.

சரிசெய்தது இப்படி: இரண்டு படங்களைக் கோடுகளாகவே வரையச் சொன்னோம். மூன்றாவதை 270×480 ஆக்கினோம், அரை எம்பிதான். மாஸ்க்கை எடுத்தோம். ஆடி முடிந்ததும் மெமரியை விடுவித்தோம். ரேம் குறைந்த போனில் அசையாத டிக் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "பணம் போய்விட்டது" என்ற எழுத்து முதலில், ஆட்டம் அப்புறம்.

பால்காரர் நல்ல மனுஷன், அடுத்த மாசக் கணக்கில் கழித்துக்கொண்டார். எல்லாருக்கும் அப்படிப்பட்ட பால்காரர் அமைவாரா? அந்த எண்ணம்தான் தூங்கவிடவில்லை. அம்மாவுடையது மாதிரியே ஒரு பழைய போன் வாங்கி ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறேன். அதில் ஓடாமல் எதுவும் வெளியே போகாது.

பி.கு.: போன வாரம் அம்மா கேட்டது: "ஏய்யா, அந்த டிக்கு இப்ப ஆடாம நிக்குதே, ரிப்பேரா?"