சொங்சிங்கில் ஒரு கடைசி மாலை

மறுநாள் அதிகாலையில் விமானம். பெட்டியை அடுக்கி முடித்துவிட்டேன். பயிற்சி ஒன்றுக்காக வந்திருந்த சொங்சிங் நகரில் எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு மாலைப்பொழுது மட்டுமே.

"எங்கே போக விருப்பம்?" என்று கேட்டார் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பெண்மணி. ஐம்பது வயதைக் கடந்தவர். தம்மிலும் மூத்த பெண்களைச் சீனர்கள் 'ஜியே' என்று அழைப்பார்கள். நம்முடைய 'அக்கா'தான். நானும் அவரை அப்படியே அழைத்துப் பழகியிருந்தேன்.

"ஆற்றங்கரைக்குப் போவோம் அக்கா" என்றேன்.

சீனாவின் தென்மேற்கில், யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் சந்திக்கும் முனையில், மலைகளின் மேல் எழுந்த நகரம் இது. அதன் நிருவாக எல்லை முழுவதையும் சேர்த்தால் பரப்பளவில் இலங்கையை விடப் பெரியது. 3 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். சமதரையைக் காண்பது அரிது. ஒரு கட்டடத்துக்குள் தெருவிலிருந்து நுழைந்து பல மாடிகள் ஏறி மறுபக்கம் வந்தால், அங்கேயும் ஒரு தெரு ஓடுகிறது. லிசிபா என்ற இடத்தில் ரயிலே மாடிக் குடியிருப்பு ஒன்றின் நடுவால் போகிறது.

ஆறுகள் சந்திக்கும் சாவோதியன்மென் துறையில் சிறிது நேரம் நின்றோம். கோடைகாலத்தில் இங்கு வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. மாலையாகியும் நிலம் கொதித்தது. நான் களைத்துப் போனதைக் கண்ட அக்கா, திரும்பும் வழியில் மலைச்சுவரில் இருந்த ஒரு வளைந்த வாசலைக் காட்டினார்.

"உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். வாருங்கள்."

"இது என்ன இடம்?"

"யுத்தகாலப் பதுங்குகுழி."

என் கால்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. காரணத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பங்கருக்குள்ளிருந்து வரும் அந்த ஈர மண் மணத்தை அறிந்தவர்கள்தானே நாம்.

அக்கா என்னை வற்புறுத்தவில்லை. வாசற்படியிலேயே என்னோடு அமர்ந்து கதை சொல்லத் தொடங்கினார்.

1937 இல் யப்பான் சீனாவின் மீது முழு அளவில் போர் தொடுத்தது. நான்ஜிங்கை விட்டு வெளியேறிய சீன அரசு சொங்சிங்கைப் போர்க்காலத் தலைநகராக்கியது. 1938 முதல் 1943 வரை யப்பானிய விமானங்கள் இந்நகரின் மீது குண்டு வீசின. 1939 மே 3, 4 ஆகிய இரண்டே நாட்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அதே யுத்தத்தில், 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டதை உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

சொங்சிங் மக்கள் பாறையைக் குடைந்து சுரங்கங்கள் அமைத்தார்கள். உயரமான இடங்களில் கம்பம் நட்டு, விமானம் வருகிறதென்றால் ஒரு சிவப்புப் பந்தைத் தொங்கவிடுவார்கள். இரண்டு தொங்கினால் விமானம் நெருங்கிவிட்டது என்று பொருள். அக்காவின் தாயார் அந்தப் பந்துகளைப் பார்த்துப் பார்த்து ஓடி வளர்ந்தவர்.

"சிறுவயதில் நான் சிவப்பு பலூன் கேட்டு அழுவேன். அம்மா வாங்கித் தரவே மாட்டார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது" என்றார் அக்கா.

1941 ஜூன் 5 ஆம் திகதி மாலை தொடங்கிய தாக்குதல் பல மணி நேரம் நீடித்தது. நகரின் பெரிய சுரங்கம் ஒன்றுக்குள் அளவுக்கு மீறி மக்கள் நெருக்கியடித்துப் புகுந்தார்கள். காற்று போதவில்லை. குண்டுக்குத் தப்பி ஓடியவர்கள் மூச்சுத் திணறியும் மிதிபட்டும் மாண்டார்கள். சுமார் ஆயிரம் பேர் என்று ஒரு கணக்கு. அதனிலும் மிக அதிகம் என்று வேறு கணக்குகள். இறந்தவர்களின் தொகை இன்றுவரை ஒன்றாக இல்லை.

கதை முடிந்தபோது நானே எழுந்து, "உள்ளே போவோம் அக்கா" என்றேன்.

உள்ளே மின்விளக்குகள், வாங்குகள், குடிநீர். வெயிலுக்கு ஒதுங்கிய மூதாட்டிகள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டியின் மடியில் ஒரு குழந்தை நித்திரை. ஒரு அம்மா நகர்ந்து இடம் தந்து, வத்தகப் பழத்துண்டு ஒன்றை என் கையில் வைத்தார். கோடையில் இத்தகைய சுரங்கங்கள் சிலவற்றை மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். வேறு சில சுரங்கங்கள் சாப்பாட்டுக் கடைகளாகவும் களஞ்சியங்களாகவும் மாறிவிட்டன.

"உங்கள் அம்மாவும் இங்கே வருவாரா?" என்று கேட்டேன்.

"பல வருடங்களாக வர மறுத்தார். பிறகு ஒருநாள் தானாகவே வந்தார். எப்போதும் வாசலுக்குப் பக்கத்து வாங்கில்தான் இருப்பார். இங்கிருந்தவர்கள் அந்த இடத்தை அவருக்கென்றே விட்டுவைத்தார்கள்."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ பெண்களிடம், "நடந்ததை மறந்துவிடுங்கள், இனி நடப்பதைப் பாருங்கள்" என்று நான் சொல்லியிருக்கிறேன். ஆறுதல் என்றெண்ணித்தான் சொன்னேன். ஆனால் அவர்களுக்குத் தேவைப்பட்டது வாசலுக்குப் பக்கத்தில் ஓர் இடமாக இருந்திருக்கலாம். உள்ளே வருவதா, எப்போது வருவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று நான் விட்டிருக்க வேண்டும்.

இருட்டிய பின் ஜியாவோசாங்கோ என்ற இடத்துக்குப் போனோம். அந்தப் பெரிய சுரங்கத்தில் மாண்டவர்களின் நினைவிடம், கடைகளும் வாகனங்களும் நிறைந்த வீதியோரத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 5 இல் நகரெங்கும் அபாயச் சங்கு ஒலிக்கும் என்றார் அக்கா. குண்டுவீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களது குடும்பத்தினருமாக 188 பேர், 2006 இல் தொடங்கி டோக்கியோ நீதிமன்றத்தில் யப்பானிய அரசுக்கு எதிராக வழக்காடினார்கள். 2015 இல் வழக்கு தள்ளுபடியானது. மேன்முறையீடும் கைகூடவில்லை. இழப்பீடு கிடைக்காவிட்டாலும் தமக்கு நடந்ததைத் தம் வாயால் சொல்லி எழுத்தில் பதியச் செய்தார்கள்.

இராச்சாப்பாட்டுக்குக் கொதிக்கும் மிளகாய்ச் சாற்றில் இறைச்சியும் கீரையும் அமிழ்த்தி உண்ணும், இந்நகரின் பேர்போன உணவு. "உறைப்பு எங்களுக்குப் புதிதல்ல" என்று பெருமையடித்தேன். அவர்கள் போடும் ஒருவகை மிளகு நாக்கை மரக்கச் செய்தது. நான் தவித்ததைப் பார்த்து அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

விடைபெறும்போது அவரிடம் அவரது தாயாரின் பெயரைக் கேட்டு என் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

சகோதரிகளே, நீங்களும் ஒரு கொப்பி எடுங்கள். இழந்தவர்களின் பெயர், ஊர், வயது, அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இன்றே எழுத வேண்டும் என்பதில்லை. மனம் எப்போது இடந்தருகிறதோ, அப்போது எழுதுங்கள்.