கண் கண்ட சாம்பல், கருவி கண்ட பச்சை

"ஐயா, இந்தப் பச்சையை உங்கள் கண்ணாலே கண்டீர்களா?"

ஒன்பதாம் வகுப்பிலே, கடைசிப் பலகையிலிருந்து எழுந்து ஒரு மாணவி கேட்டாள். என் கைப்பேசியில், துருவ வானிலே பச்சைத் திரை விரித்தாற்போல் ஒரு படம்.

"கண்டேன்" என்றேன்.

பொய், தோழர்களே! மூடநம்பிக்கையை முறியடிப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறவன், பிள்ளைகள் முன்னிலையிலே கூசாமல் சொன்ன பொய்!

2024 டிசம்பர் இறுதியில், அரையாண்டு விடுமுறையின்போது, நார்வேயின் வடகோடியிலுள்ள ட்ரோம்சோ நகருக்குச் சென்றிருந்தேன். அக்காள் அங்கே வாழ்கிறாள்; பயணச் செலவும் அவளுடையதே. ஆசிரியன் ஊதியத்தில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிட முடியுமா! நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை அவ்வூரில் ஞாயிறு எழுவதில்லை. நண்பகலில் சிறிது நீல மங்கல். பின்னர் இரவு, இரவு, இரவே.

நகர விளக்குகளை விட்டு விலகி, அருகிலுள்ள க்வாலோயா தீவுக்கு அத்தான் காரில் அழைத்துச் சென்றார். உறைபனி மீது நின்று அண்ணாந்தேன். வடக்கே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. இந்த முகிலைக் காணவா இத்தனை தொலைவு!

"முகிலல்ல, மாப்பிள்ளை, கைப்பேசியை எடு" என்றார் அத்தான்.

கையிலே பிடித்து எடுத்தேன், வெறும் தீற்றல். மூன்றுகால் தாங்கியில் பொருத்தி, பிளாஷை அணைத்து, இரவுப் படமுறையில் பத்து விநாடி வைத்தார் அவர். விரல் பட்டாலும் படம் நடுங்குமாம். ஆகவே தொட்ட மூன்று விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி செய்தார். அதற்குள் குளிர் தாங்காமல் கைப்பேசி அணைந்தது. மின்னூட்டம் பாதிக்குமேல் இருந்தும்! மேலங்கிக்குள் மார்போடு அணைத்துச் சூடேற்றி மீண்டும் வைத்தோம். திரையிலே பச்சை பொங்கிற்று!

சாமி மக்களிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. (சாமி என்பது அவ்வட்டார மக்களின் பெயர், நம்மூர்ச் சாமியல்ல!) வானொளியைப் பார்த்துச் சீழ்க்கையடித்தால், அது இறங்கி வந்து ஆளைத் தூக்கிச் சென்றுவிடுமாம். கேட்டுச் சிரித்தேன், சீழ்க்கையும் அடித்தேன். உதடு மரத்ததே மிச்சம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. நான் சொன்ன பொய்யைக் காட்டிலும் அந்தக் கதையில் நேர்மை உண்டு.

ஏன் பொய் சொன்னேன்? படம் அழகு, பிள்ளைகளின் முகமோ மலர்ந்திருந்தது. "சாம்பலைத்தான் கண்டேன்" என்று சொல்லிச் சிறுத்துப்போக மனம் வரவில்லை.

நான் வரலாறு படித்தவன். இயற்பியலை அன்றிரவுதான் தேடிப் படித்தேன். ஞாயிற்றிலிருந்து வீசும் மின்துகள்களின் விளைவாக, புவியின் காந்தப்புலம் வழியே எலக்ட்ரான்கள் விரைந்திறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்களைத் தாக்குகின்றன, 557.7 நானோமீட்டர் அலைநீளத்திலே பச்சை பிறக்கிறது. அது மெய். மங்கிய ஒளியிலே நம் கண்ணின் நிறமறியும் கூம்பு அணுக்கள் ஓய்ந்துவிட, நிறமறியாத கோல் அணுக்களே விழித்திருக்கின்றன. அதுவும் மெய். ஒளி வலுத்த இரவுகளிலே கண்ணும் பச்சை காணும். எனக்கு வாய்த்த இரவு அத்தகையதன்று. கைப்பேசியோ பத்து விநாடி ஒளியைச் சேர்த்து, தன் கணக்குப்படி நிறத்தைச் சற்றுத் தூக்கியும் காட்டுகிறது. அதை மறைக்கலாகாது.

ஒளிப்படத்தை இகழ்கிறேன் என்று எண்ணற்க. 1892இல் வடநார்வேயின் பொசெகோப்பில் மார்ட்டின் பிரெண்டல் முதன்முதலாக இவ்வொளியைப் படமாக்கினார். 1910இல் அதே வட்டாரத்தில் கார்ல் ஸ்டோர்மர், இரண்டு இடங்களிலிருந்து ஒரே நொடியில் படமெடுத்து, அதன் உயரத்தை அளந்தார். ஆவிகளின் ஆட்டமென்று அஞ்சப்பட்ட ஒன்றைக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுவந்தது கேமரா அல்லவா!

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "நேற்று நான் சொன்னது பொய். என் கண் கண்டது சாம்பல்."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அதே மாணவி மீண்டும் எழுந்தாள். "அப்படியானால் கண் பொய்யா, கருவி பொய்யா, ஐயா?"

விடை சொல்லாமல், சன்னலற்ற பொருள் அறைக்கு அழைத்துப் போனேன். கதவைச் சிறு கீற்றளவு திறந்து வைத்து, கண் பழகப் பத்து நிமிடம் காத்திருந்தோம். அவளுடைய தலைநாடா இரண்டையும் அவிழ்த்து மேசைமேல் வைக்கச் சொன்னேன். நிறம் என்ன?

"கறுப்பு!" என்றனர் பலர். "சாம்பல்" என்றனர் சிலர்.

கைப்பேசியை மேசையில் சாய்த்து, இரவுப் படமுறையில் எடுத்தேன். திரையிலே இரண்டு சிவப்பு நாடாக்கள்!

அவள் நாடாவை எடுத்து, கதவருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.