பட்டமும் உரிமமும்

ஆடிக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி வீசும் நாள்களில், ராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் சிறுவர்கள் மொட்டைமாடியில் நின்று பட்டம் விடுவர். காற்றில் ஏறும் அப்பட்டத்திற்கும் கல்லூரி வழங்கும் பட்டத்திற்கும் தமிழில் ஒரே சொல். வானூர்தித் துறையை விரும்பும் மாணவர்க்கு இந்த இரண்டாவது பட்டம் தேவைதானா? பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் சில வீடுகளில் இவ்வினா எழுகிறது.

“முதலில் ஒரு பட்டம் வாங்கு, பறப்பதைப் பிறகு பார்க்கலாம்” என்பார் தந்தை. “உரிமத்துக்குப் பட்டம் கேட்பதில்லையே, அப்பா” என்பான் மகன். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

வணிக விமானி உரிமம் பெற, இயற்பியலும் கணிதமும் பயின்று பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். உடல் தகுதி வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானிலையியல், வான்வழி காணல், விதிமுறைகள் முதலிய தேர்வுகளிலும் வெல்ல வேண்டும். விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்திற்கான முதன்மைப் பயிற்சி 2400 மணி நேரத்தைக் கொண்டது. இவ்விரு உரிமங்களுக்கும் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமன்று. மகன் சொல்வது இதைத்தான்.

ஆனால், உரிமம் ஓயாமல் காக்கப்பட வேண்டிய ஒன்று. இளம் விமானி ஆண்டுதோறும் மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். பார்வையிலோ இதயத்திலோ ஏற்படும் ஒரு குறை அவரைத் தரையிலேயே நிறுத்திவிடக்கூடும். உடல் நன்றாக இருந்தாலும் தொழில் நன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கிங்ஃபிஷர் விமானங்கள் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் 2019இலும் பறப்பதை நிறுத்தின. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் உள்நாட்டுப் பயணிகள் விமானச் சேவையே நாட்டில் இல்லை. பட்டமோ ஒருமுறை பெற்றால் காலாவதியாவதில்லை. தந்தையின் அச்சத்திற்கு இதுவே பொருள்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் வாழ்வு இதனைத் தெளிவாக்கும். அவர் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார்; பின்னர்க் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்றார். பெங்களூரு இந்துஸ்தான் விமான நிறுவனத்தில் பயிற்சியாளராக, விமான இயந்திரங்களைப் பிரித்துச் சீரமைக்கும் பணியில் தம் கைகளைப் பழக்கினார். ஆயினும், அவர் உள்ளம் விரும்பியது பறத்தலையே. விமானப்படைத் தேர்வுக்காக தேராதூன் சென்றார். தேர்வில் பங்கேற்றோர் 25 பேர்; எடுக்கப்பட்டோர் எண்மர். கலாம் ஒன்பதாம் இடம் பெற்றார். ஒரே ஓர் இடத்தில் அவருடைய கனவு கைநழுவியது. அன்று அவரைத் தாங்கியது அவர் கற்ற கல்வி. 1958இல் பாதுகாப்புத் துறையில் அறிவியல் பணியில் சேர்ந்தார்.

பயிற்சியையும் கல்லூரிக் கல்வியையும் ஒன்றாகவே நடத்தும் வழிகளும் நம் நாட்டில் உள்ளன. கடக்வாசலாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயிற்சியை முடிக்கும் இளைஞர், ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டத்தையும் பெறுகின்றனர். பணியில் இருப்போர்க்குத் தொலைநிலைக் கல்வி கைகொடுக்கிறது. இவ்வாறு சேர்த்துக் கற்பதில் தனிப்பயன் ஒன்றும் உண்டு. கோடை நண்பகலில் விமானம் மேலெழ நீண்ட ஓட்டம் வேண்டும் என்பது பயிற்சியில் கண்ணால் காண்பது. வெப்பத்தால் காற்றின் அடர்த்தி குறைகிறது. அதனால் இறக்கையின் உயர்த்து விசையும் இயந்திரத்தின் திறனும் குறைகின்றன என்பது இயற்பியல் நூல் சொல்வது. கண்டதும் கற்றதும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

வேலை செய்துகொண்டே படிப்பது இவ்விரு ஊர்களுக்கும் புதிதன்று. ராஜபாளையத்து நூற்பாலைகளில் இரவுப்பணி முடித்து, கண் எரிய அமர்ந்து அஞ்சல்வழிப் பாடம் படித்துப் பட்டம் பெற்றோர் உண்டு. அவ்வுழைப்பு போற்றத்தக்கது. எனினும், அதனை அப்படியே வானூர்தித் துறைக்குக் கொண்டு செல்ல இயலாது. உறக்கம் இழந்த விமானி உயரமானியைத் தவறாகப் படிக்கலாம். உறக்கம் இழந்த பராமரிப்பாளர் ஒரு திருகை முடுக்க மறக்கலாம். பிழையின் விலையைப் பயணிகள் செலுத்த நேரும். ஆதலால்தான் 2024இல் வெளியிடப்பட்ட திருத்த விதிகள், விமானியின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. ஓய்வு இங்குச் சலுகையன்று. கடமையின் ஒரு பகுதி.

எனவே, தேர்வும் பணியும் ஒரே வாரத்தில் மோதினால், உறக்கத்தைக் குறைத்து இரண்டையும் பிடித்துக்கொள்ள முயல்வது வீரமாகாது. ஒரு தாளை அடுத்த பருவத்திற்குத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. மூன்றாண்டுப் பட்டம் ஐந்தாண்டில் கிடைத்தாலும் அதன் மதிப்பு குறைவதில்லை. காலாவதியாகாத பட்டம் காத்திருக்கும். களைத்த கண்ணுக்காக ஓடுபாதை காத்திராது. தள்ளிவைப்பது வேறு, கைவிடுவது வேறு என்பதை மட்டும் மாணவர் மறவாதிருக்க வேண்டும்.

2006 ஜூன் 8 அன்று, புனே விமானத்தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானம் ஒன்று மேலெழுந்தது. அதில் இணை விமானியின் இருக்கையில் அமர்ந்திருந்தவர், 74 வயதுக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். தேராதூனில் நழுவிய வானம், கல்வியின் வழியே பல்லாண்டுகளுக்குப் பின் அவரிடம் வந்து சேர்ந்தது.

மொட்டைமாடியில் பட்டம் விடும் சிறுவன் நூலை எப்போதும் இழுத்துக்கொண்டே இருப்பதில்லை. காற்று வலுக்கும்போது சற்று விடுகிறான், தளரும்போது இழுக்கிறான். ஆனால், நூலை மட்டும் அவன் கையிலிருந்து நழுவ விடுவதில்லை.