பொருத்தம் பார்க்கிறவர்களுக்கு ஒரு குதிரைக் கதை

எங்கள் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் பெண் பார்த்துவிட்டு லயத்துக்குத் திரும்பியவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி, "பொண்ணு என்ன நெறம்?" என்பதுதான். படிப்பு, குணமெல்லாம் பிறகு. ஜாதகம் பார்ப்போம், சாதிசனம் விசாரிப்போம். இவ்வளவும் பார்க்கிற நாம் ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறோம். அதைக் குதிரை வளர்ப்பவர்களை வைத்துச் சொன்னால் சுலபமாக விளங்கும்.

வெள்ளைக்காரத் தொரைமார் குதிரையேறி மலை பார்த்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நுவரெலியாவின் ஏப்ரல் பந்தயமும் நமக்குத் தெரியும். வேடிக்கை பார்ப்பவன் நிறத்தை வைத்துக் குதிரையை அடையாளம் சொல்வான். வளர்ப்பவன் நிறத்தை முழுசாக நம்ப மாட்டான்.

குதிரையின் நிறத்தை வெளிறச் செய்யும் மரபணுக்கள் சில உண்டு. ஒன்றின் பெயர் கிரீம். பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டு அதைக் கண்டறிந்தார்கள். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்தது அது. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் சிவலைக் குட்டி பொன்னிறமாகும், பிடரி வெளுக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் பாலாடை நிறம், இளஞ்சிவப்புத் தோல், நீலக் கண். கருங்குதிரையில்தான் வேடிக்கை. கிரீம் ஒன்று உள்ளே இருந்தாலும் அதன் கறுப்பு பெரிதாகக் குறையாது. பால் படிந்து கிடக்கும் கெவுடாக் கல்லுக்குள் நீலம் இருப்பது சூட்டில் வைத்தால்தான் தெரிகிறது அல்லவா, அதுபோல. அதனால் பிடரியிலோ வாலிலோ 20, 30 மயிரை வேரோடு பிடுங்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். கத்தரித்த மயிர் உதவாது, வேர் வேண்டும்.

இது அழகு பார்க்கிற விஷயம். உயிர் போகிற விஷயமும் உண்டு. அரபுக் குதிரைகளில் சில குட்டிகள் வெள்ளி மினுக்கத்தோடு வெளிர் ஊதாவாகப் பிறக்கும். ஆனால் எழுந்து நிற்காது, மடியில் பால் குடிக்காது, வலிப்பு வரும். பிழைப்பதில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு குறையும் இருக்காது. இருவரிடமும் மறைந்திருந்த பழுது குட்டியில் ஒன்றுசேர்ந்துவிடுகிறது. 2010இல் அந்த மரபணு பிடிபட்டது, பரிசோதனையும் வந்தது. பழுதைச் சுமக்கும் குதிரையை வைத்தியர்கள் காவி என்பார்கள். விவரம் தெரிந்த வளர்ப்பாளர் அதைக் கழித்துக்கட்டுவதில்லை. இன்னொரு காவியோடு இணை சேர்க்காமல் பார்த்துக்கொள்கிறார்.

தலசீமியா என்ற இரத்த நோய்க்கும் கணக்கு இதேதான். காவியாக இருப்பவர் நன்றாகத்தான் இருப்பார். கொழுந்து பறிப்பார், பால் வெட்டுவார். இரண்டு காவிகள் கலியாணம் முடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தது தப்பியதால் இளையதும் தப்பும் என்றில்லை. நோயுள்ள பிள்ளை வெளிறிச் சோரும். மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பை இறக்க மருந்தும் வேண்டும். குருநாகலில் இதற்கென்றே சிகிச்சை நிலையம் இருக்கிறது. ஆனால் பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லாத குடும்பம், ஆயுள் முழுக்க வைத்தியசாலைக்கு அலைவதை நினைத்துப் பாருங்கள்.

அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டும்போது ஒரே பாட்டனின் பழுது இரண்டு பக்கமும் இறங்கியிருக்க இடமுண்டு. சொந்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உறவு விட்டுப்போகக்கூடாது என்ற ஆசை எனக்கும் உண்டு. பேச்சு எடுக்கும் முன் இரண்டு பிள்ளைகளின் இரத்தத்தையும் சோதித்துவிடுங்கள் என்கிறேன். அரசாங்க வைத்தியசாலையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

காவி என்று வந்தால் கூனிக்குறுக ஒன்றுமில்லை. காவியல்லாத ஒருவரைக் கட்டினால் பிள்ளைக்கு அந்த நோய் வராது. பிள்ளை நோயோடு பிறந்தால் "மருமக வந்த ராசி" என்று பேசுகிற மாமியார்மாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதில் பாதி அவர்கள் மகன் கொடுத்தது. பரிசம் போட்ட பிறகு தெரிந்தால் அது இரண்டு வீட்டு வழக்காகும். முன்பே தெரிந்தால் பிள்ளைகள் இரண்டும் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கும்.